அனுபவம் இல்லை, நடிக்கலாமா, குரல் கொடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டு வருடமாக டப்பிங் பேசுகிறேன். நடுநடுவே சீரியல்களில் டாக்டர், வக்கீல், பெண் வீட்டு மாமா என்று தலையைக் காட்டுவேன். ஊருக்குப் போனால் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கூட, "என் பையனுக்கு நடிப்புன்னா உசுரு, எப்படி உள்ள வர்றது?" என்று கேட்பார். சாம்பாருக்கும் ரசத்துக்கும் இடையில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். சென்னையை, அதிலும் வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கத்தை மனதில் வைத்து எழுதியது.

அனுபவமே இல்லாதவரை யார் எடுப்பார்கள்?

எடுப்பார்கள். ஆனால் உங்களை எடுப்பது பெரிய டைரக்டராக இருக்காது. அவரிடம் ஏழாவது அசிஸ்டெண்டாக இருக்கும் பையனாக இருக்கும். நாளைக்குப் படம் பண்ணப்போவது அவன்தான்.

கலைஞர் டி.வி.யில் வந்த நாளைய இயக்குநர் நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் குறும்படம் எடுத்த கார்த்திக் சுப்பராஜ் 2012இல் பீட்சா எடுத்தார், நலன் குமரசாமி 2013இல் சூது கவ்வும் எடுத்தார். இரண்டு படத்திலும் பாபி சிம்ஹாவும் கருணாகரனும் இருக்கிறார்கள். புது இயக்குநர் மேலே ஏறும்போது, காசு வாங்காமல் தன்னோடு வெயிலில் நின்றவர்களையும் கூட்டிக்கொண்டு ஏறுகிறார். "பெரிய இடத்துல சொல்லி விடுங்க" என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் வயதில் படம் எடுக்கத் துடிக்கிறவன் யாரென்று பாருங்கள். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கிற பிள்ளைகளுக்கு வருடா வருடம் புராஜெக்டுக்கு நடிகர்கள் வேண்டும்.

என் குரல் நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. டப்பிங்குக்கு அது போதாதா?

போதாது. "நல்ல குரல்" என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் கனமான குரலை. பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கும், கோயில் திருவிழா மைக்கில் கம்பீரமாகக் கேட்கும். டப்பிங் தியேட்டருக்குள் (குரல் பதிவு செய்யும் அறைக்குள்) வந்து, "தண்ணி இருக்கா?" என்று சாதாரணமாகக் கேட்கச் சொன்னால், அதையும் பட்டிமன்ற நடுவர் மாதிரி கேட்பார்கள். நானும் அப்படித்தான் வந்தேன்.

என் முதல் வேலை க்ரவுட், அதாவது கூட்டத்துக்குக் குரல் கொடுப்பது. பஸ் ஒன்று கவிழ்ந்துவிட்டது, ஊர் கூடி நிற்கிறது. ஒரே மைக்கைச் சுற்றி எட்டுப் பேர். நான் தொண்டை கிழிய, "ஐயய்யோ, யாராவது வாங்களேன்!" என்று கத்தினேன். உள்ளே இருந்து சவுண்ட் இன்ஜினியர் டாக்பேக்கில் (எங்களோடு பேசும் ஸ்பீக்கரில்) சொன்னார்: "அண்ணே, எல்லாரும் பஸ்ஸைப் பாக்குறாங்க, நீங்க மட்டும் உங்களைப் பாக்கச் சொல்றீங்க." அடுத்த டேக்கில் இரண்டடி பின்னால் நிறுத்திவிட்டார். க்ரவுடில் ஒரு குரலும் தனியாகத் தெரியக் கூடாது. ஆனால் எட்டு பேரும் உண்மையாகவே பதறியிருக்க வேண்டும். அந்த மதியம் கற்றுக்கொண்டதைத்தான் இன்றுவரை செலவு செய்துகொண்டிருக்கிறேன்.

டப்பிங் என்பது நடிப்பு. உடம்பு வேறொருவருடையது, மூச்சு மட்டும் உங்களுடையது. விக்ரமின் கதை தெரிந்ததுதான். 1990இல் அறிமுகமாகி, 1999இல் சேது வரும்வரை காத்திருந்தார். அந்த இடைப்பட்ட காலத்தில் அமராவதியில் அஜித்துக்கும் காதலனில் பிரபுதேவாவுக்கும் காதல் தேசத்தில் அப்பாஸுக்கும் பேசியது அவர் குரல்தான். எம்.எஸ்.பாஸ்கரும் முகம் தெரிவதற்கு முன் நிறைய டப்பிங் பேசியவர். அந்த நேரமெல்லாம் வீணாகப் போனது என்று சொல்ல முடியுமா?

உதட்டுக்குப் பொருத்திப் பேசுவது எப்படி? அதுதான் பயமாக இருக்கிறது.

முதலில், எல்லா எழுத்துக்கும் உதடு பொருந்த வேண்டியதில்லை. பார்க்கிறவர் கண் பிடிப்பது உதடு ஒட்டும் இடங்களைத்தான். தமிழில் ப, ம இரண்டுக்கும் உதடு ஒட்டும். 'வ'வுக்குக் கீழ் உதடு பல்லைத் தொடும். மீதியை வாய் திறந்திருக்கும் அளவை வைத்து ஓட்டிவிடலாம்.

ஒரு தெலுங்குப் படத்தைத் தமிழாக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதாநாயகி கோபத்தில் "வெள்ளிப்போ" என்கிறாள். நேர்ப்பொருள் "போயிடு". ஆனால் அவள் உதடு கடைசியில்தான் ஒட்டுகிறது, நம் "போயிடு"வில் முதலிலேயே ஒட்டிவிடும். திரையில் பார்த்தால் அரை நொடி ஏமாற்றம். "கெளம்பு" என்று போட்டுப் பாருங்கள். அதுவும் மூன்று அசை, உதடும் கடைசியில் ஒட்டுகிறது, கோபமும் குறையவில்லை. இதை எழுத்தாளர் கண்டுபிடித்து எழுதியிருப்பார். சில நாள் எழுதியிருக்க மாட்டார். அப்போது மைக் முன்னால் நிற்கும் நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் பத்து விநாடிக்குள்.

ஒரிஜினல் தமிழ்ப் படத்தில் வேலை வேறு மாதிரி. ஷூட்டிங் ஸ்பாட்டில் பதிவான குரல் ஹெட்போனில் வரும். அதை பைலட் ட்ராக் என்போம். பின்னால் ஜெனரேட்டரும் காக்காயும் கேட்கும். அந்த நடிகர் எங்கே மூச்சு இழுத்தார், எங்கே விழுங்கினார் என்று கேட்டு, அதே இடத்தில் நீங்களும் இழுத்து விழுங்க வேண்டும். புதியவர்கள் வசனத்தை மனப்பாடம் செய்துவிட்டு மூச்சைக் கோட்டை விடுவார்கள். வசனம் சரியாக இருந்தும் காட்சி ஒட்டாமல் தொங்குவது அதனால்தான்.

வீட்டில் பழக: செல்போனில் இரண்டு நிமிடக் காட்சி ஒன்றை எடுங்கள். முதலில் பத்து முறை கேளுங்கள், பேசாதீர்கள். பிறகு சத்தத்தை அணைத்துவிட்டுப் பேசுங்கள். ஒரு வாரம் ஒரே காட்சி. சலித்துப்போகும். இந்தத் தொழிலும் பாதி நேரம் அப்படித்தான்.

என் பேச்சில் ஊர் வாடை அடிக்கிறது. மாற்றிக்கொள்ள வேண்டுமா?

தயவுசெய்து வேண்டாம். கொங்குப் பேச்சு, நெல்லைப் பேச்சு, நாகர்கோவில் பேச்சு எல்லாம் சொத்து. ஒரு மதுரைக் கதை வந்தால் சென்னையில் வளர்ந்தவர் "வந்தாய்ங்க, போனாய்ங்க" என்று கஷ்டப்பட்டுப் பேசுவதைக் கேட்டால் எனக்கே பாவமாக இருக்கும். யாழ்ப்பாணத் தமிழும் அப்படியே. அந்தத் தமிழைப் பேசி வளர்ந்தவர் வாயில் வருவது வேறு, போலி செய்வது வேறு.

கூடவே ஒரு பொதுத் தமிழும் கையில் இருக்கட்டும். ல, ள, ழ மூன்றும் தனித்தனியாக விழ வேண்டும். செய்திக்கும் விளம்பரத்துக்கும் ஆவணப்படத்துக்கும் அது இல்லாமல் நடக்காது. தினமும் கால் மணி நேரம் செய்தித்தாளைச் சத்தம் போட்டு வாசியுங்கள். வீட்டில் கேலி செய்வார்கள், சரியாகிவிடும்.

எங்கே கற்றுக்கொள்ளலாம்?

நாடகம். வேறெதையும் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். 1977இல் ந.முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விமல், விதார்த் எல்லாம் வந்தார்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதும் வேலைக்குப் போய், நடிகர்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றவர். பிறகு சின்னச் சின்ன வேடங்கள், 2010இல் தென்மேற்குப் பருவக்காற்று. முறையாகப் படிக்க வேண்டுமென்றால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறை, டெல்லி தேசிய நாடகப் பள்ளி, புனே திரைப்படக் கல்லூரி என்று இடங்கள் இருக்கின்றன.

"30 நாளில் நடிகர் ஆகலாம்" வகை வகுப்புகளில் நல்லதும் உண்டு. ஆனால் "முடித்ததும் வாய்ப்பு உறுதி" என்று யார் எழுதிக் கொடுத்தாலும் அங்கே சேராதீர்கள். வாய்ப்பை உறுதி செய்கிற ஆள் வகுப்பு நடத்திக்கொண்டிருக்க மாட்டார்.

போர்ட்ஃபோலியோ (வாய்ப்புக் கேட்க அனுப்பும் போட்டோக்கள்) எடுக்க எவ்வளவு செலவு செய்யலாம்?

ஆரம்பத்தில் ஒரு ரூபாய்கூட வேண்டாம். பகல் வெளிச்சத்தில், வெள்ளைச் சுவர் முன்னால், நண்பர் கையில் செல்போன். முகம் மட்டும் ஒன்று, இடுப்பு வரை ஒன்று, முழு உயரம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. ஃபில்டர் கூடாது, கூலிங்கிளாஸ் கூடாது, பைக் மேல் சாய்ந்து நிற்கவே கூடாது. படத்தில் இருக்கும் முகமும் நேரில் வரும் முகமும் ஒன்றாக இருந்தால் போதும்.

ஆடிஷன் வீடியோ கேட்கிறார்கள். எப்படி எடுப்பது?

போனைப் படுக்கவாட்டில் வையுங்கள், கை வைத்துப் பிடிக்காதீர்கள். ஜன்னல் உங்கள் முகத்துக்கு எதிரே இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் அல்ல. முதலில் பெயர், வயது, உயரம், ஊர், பேசத் தெரிந்த மொழிகள். அப்புறம் காட்சி. லென்ஸைப் பார்த்துப் பேசச் சொல்லாவிட்டால் பார்வை லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு விரல் தள்ளி இருக்கட்டும். அங்கே ஒருவரை உட்கார வைத்து எதிர் வசனம் பேசச் சொன்னால் இன்னும் நல்லது.

பிரபலமான வசனத்தைப் பேசி அனுப்பாதீர்கள். அதைக் கேட்கும்போது அசல் நடிகர்தான் ஞாபகத்துக்கு வருவார், நீங்கள் வர மாட்டீர்கள். உங்கள் தெருவில் நடந்ததை வைத்து நாலு வரி எழுதுங்கள். கேஸ் சிலிண்டர் வரவில்லை என்று அம்மா போனில் சண்டை போடுவதை ஒரு பெண் நடித்து அனுப்பியிருந்தாள். கட்டக் கடைசியில் சண்டை போட்டவரிடமே, "சாப்டியாப்பா?" என்று கேட்டுவிட்டு வைத்தாள். அந்த ஒரு வரிக்காக அவளை நேரில் கூப்பிட்டார்கள்.

வாய்ஸ் சாம்பிள் வீட்டிலேயே பதிவு செய்யலாமா?

தாராளமாக. துணி நிறைந்த பீரோவைத் திறந்து அதன் முன்னால் நில்லுங்கள், எதிரொலியைத் துணி விழுங்கிவிடும். ஃபேனை நிறுத்துங்கள், ஃப்ரிட்ஜையும் பத்து நிமிடம் நிறுத்துங்கள் (திரும்பப் போட மறந்து ஒருமுறை பால் கெட்டு, வீட்டில் பேச்சு வாங்கினேன்). மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி. நேராகப் பேசினால் 'ப' வரும்போதெல்லாம் காற்று டப்பென்று அடிக்கும், கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளுங்கள்.

ஆடாசிட்டி இலவச மென்பொருள்தான், அது போதும். டபிள்யூ.ஏ.வி. ஃபைலாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டாக அனுப்பினால் குரல் நசுங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். மொத்தம் ஒன்றரை நிமிடம் தாண்ட வேண்டாம். ஒரு விளம்பரம், ஒரு கதை வாசிப்பு, இரண்டு கதாபாத்திரம். பின்னணி இசை வேண்டாம். இசை போட்டால் எதையோ மறைக்கிறார் என்றுதான் எங்களுக்குத் தோன்றும்.

முதல் டப்பிங் வாய்ப்பு எங்கிருந்து வரும்? சங்கக் கார்டு கட்டாயமா?

சினிமா, சீரியல் டப்பிங் என்றால் டப்பிங் கலைஞர்கள் சங்கம், அதற்கு மேலே ஃபெப்சி என்று சினிமாத் தொழிலாளர் சங்கங்களின் கூட்டமைப்பு இருக்கிறது. நாளடைவில் சங்க உறுப்பினர் கார்டு எடுக்க வேண்டிவரும். கட்டணத்தைச் சங்க அலுவலகத்தில் நேரில் கேளுங்கள், ரசீது வாங்குங்கள். இடைத்தரகர் கையில் கொடுக்காதீர்கள்.

ஆனால் குரல் வேலை இப்போது சினிமாவோடு நிற்கவில்லை. குக்கூ எஃப்.எம்., பாக்கெட் எஃப்.எம். போன்ற செயலிகளில் தமிழ் ஒலிக்கதைகள் வருகின்றன. பாடம் நடத்தும் நிறுவனங்கள், உள்ளூர் நகைக்கடை விளம்பரம், ஆஸ்பத்திரி போன் மெனு, எல்லாவற்றுக்கும் குரல் வேண்டும். என் நண்பர் ஒருவரின் முதல் சம்பளம், "இந்த லைன் பிஸியாக உள்ளது" என்று சொன்னதற்கு வந்தது. அகில இந்திய வானொலியில் நாடகக் கலைஞர்களுக்குக் குரல் தேர்வு வைத்துத் தரம் கொடுக்கும் வழக்கம் உண்டு. தேர்வுக்கு அழைப்பு வந்தால் விடாதீர்கள். உடம்பில்லாமல் நடிக்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

வாய்ப்புத் தர முன்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கூடாது. ரிஜிஸ்ட்ரேஷன், காஸ்ட்யூம், ஆர்ட்டிஸ்ட் ஐ.டி., "டைரக்டர் சாருக்கு ஒரு மரியாதை", எந்தப் பெயரில் கேட்டாலும் கூடாது. வேலை செய்கிறவருக்குத்தான் காசு.

வந்த புதிதில் நானே ஏமாந்தேன். ஒரு லாட்ஜ் அறையில் ஆபீஸ், சுவரில் படத்தின் பேனர், பூஜை போட்ட தேங்காய்கூட மேசையில் இருந்தது. எட்டாயிரம் கட்டினேன். பத்து நாள் கழித்துப் போனபோது அதே அறையில் தேன் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. தேன் விற்கிறவருக்கும் என்னை ஏமாற்றியவர்களுக்கும் சம்பந்தமில்லை. நான் அழுவதைப் பார்த்து டீ வாங்கிக் கொடுத்தார்.

சீரியலில் வசனம் மனப்பாடம் செய்ய வேண்டாமாமே?

பல செட்டில் ப்ராம்ப்டிங் உண்டு. அசிஸ்டெண்ட் பக்கத்தில் நின்று வரி வரியாகச் சொல்லச் சொல்ல, நீங்கள் முகபாவத்தோடு திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு டப்பிங்கில் சுத்தமாகிவிடும். எளிது என்று நினைக்காதீர்கள். காதில் ஒரு வரி விழும்போதே வாய் முந்தைய வரியைப் பேசிக்கொண்டிருக்கும், கண்ணில் மாமியாரைப் பார்த்த பயம் தெரிய வேண்டும். படித்துவிட்டு வருகிறவரை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள், அடுத்த சீரியலுக்கும் அவரைச் சிபாரிசு செய்துவிடுவார்கள்.

சம்பளம்?

கால்ஷீட் (ஒரு ஷிஃப்ட் வேலை) கணக்கு, எபிசோட் கணக்கு, நிமிடக் கணக்கு என்று மூன்று விதம். பேசும் முன்பே எது என்று கேட்டு வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். தாமதமாகத்தான் வரும், பழகிக்கொள்ளுங்கள். பெரிய கம்பெனிகள் 10 சதவீதம் டி.டி.எஸ். (சம்பளம் தரும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். பான் எண்ணைச் சரியாகக் கொடுத்துவிட்டு, வருடக் கடைசியில் அந்தப் பிடித்தம் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வருமான வரி ரிட்டர்ன் போட்டால் பல புதியவர்களுக்கு அது திரும்பக் கிடைக்கும். பாதிப் பேர் கேட்பதே இல்லை.

பெண்களுக்குப் பாதுகாப்பு எப்படி?

முழுசாகப் பாதுகாப்பு என்று சொன்னால் பொய். கேரளத்தில் மலையாள சினிமாவில் பெண்கள் நிலையை ஆராய்ந்த ஹேமா கமிட்டியின் அறிக்கை 2024 ஆகஸ்ட்டில் வெளிவந்தபோது அதிர்ந்தவர்கள் வெளியே இருந்தவர்கள்தான். உள்ளே இருக்கும் பெண்களுக்கு அதில் புதிது குறைவு. ஆடிஷன் பகலில், ஆபீஸில். ஹோட்டல் அறை, இரவு "டிஸ்கஷன்" என்றால் போகாதீர்கள். கூட ஒருவரை அழைத்துப் போகலாமா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு யார் எரிச்சல்படுகிறார்களோ அவர்களிடம் வேலை வேண்டாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் படப்பிடிப்புத் தளத்துக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். "குழுவில் யார்?" என்று முதல் நாளே கேட்கலாம், தப்பில்லை.

என் குழந்தையை நடிக்க வைக்கலாமா?

2017இல் வந்த மத்திய அரசின் விதிகளைத் தெரிந்துகொண்டு போங்கள். நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, இடைவேளை இல்லாமல் மூன்று மணி நேரம் தாண்டக் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியைத் தயாரிப்பாளர் வாங்க வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பெயரில் டெபாசிட் ஆக வேண்டும். குழந்தைக்குத் தூக்கம் வந்தால் பேக்கப். "இன்னும் ஒரே ஒரு ஷாட்" என்று கெஞ்சுவார்கள். நீங்கள்தான் அம்மா, அவர்கள் இல்லை.

வயது ஐம்பது தாண்டிவிட்டது. சிரிப்பார்களா?

நீதிபதி, குருக்கள், ஹெட்மாஸ்டர், பெண்ணின் அப்பா, இவர்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு இன்னொரு வசதி: காலை ஏழு மணிக்கு வரச் சொன்னால் ஆறே முக்காலுக்கு வந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள். புரொடக்‌ஷன் மேனேஜருக்கு அது போதும்.

ஏ.ஐ. வந்துவிட்டது. இனி குரலுக்கு வேலை இருக்குமா?

போன் மெனு மாதிரி சில வேலைகள் போகும், போய்க்கொண்டிருக்கின்றன. ஆனால் எனக்கு வேலையைவிட ஒப்பந்தத்தைப் பற்றித்தான் கவலை. லால் சலாம் படத்தில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் ஏ.ஐ. மூலம் பாட வைத்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கிச் சம்பளமும் கொடுத்ததாக ஏ.ஆர்.ரஹ்மான் வெளிப்படையாகச் சொன்னார். எல்லாரும் அப்படிக் கேட்டுச் செய்வார்கள் என்று இருந்துவிட முடியாது. "அஞ்சு மணி நேரம் சும்மா வாக்கியம் வாசிங்க, நல்ல காசு" என்று வேலை வந்தால், பதிவு எதற்குப் பயன்படப்போகிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தக் குரல் நாளைக்கு உங்களுக்கே போட்டியாக வந்து நிற்கலாம்.

வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்துவிடட்டுமா?

விடாதீர்கள். ஆடிஷன் வீடியோ ஊரிலிருந்தே அனுப்பலாம். குறும்படம் கோவையிலும் மதுரையிலும் எடுக்கிறார்கள். டப்பிங் மட்டும் பெரும்பாலும் நேரில்தான். வந்தே ஆக வேண்டும் என்றால் ஒரு வருட வாடகையும் சாப்பாடும் கையில் இருக்கட்டும். பசியோடு ஆடிஷனுக்குப் போனால் கேமராவில் அந்தத் தவிப்புத்தான் தெரியும், கதாபாத்திரம் தெரியாது.

முதல் நாள் டப்பிங் தியேட்டருக்குப் போகிறேன். என்ன எடுத்துப் போவது?

பென்சில். மூச்சு விடும் இடத்தைக் குறிக்க வேண்டும், அழிக்கவும் வேண்டும். ஃபிளாஸ்கில் வெந்நீர். கஞ்சி போட்ட சட்டை வேண்டாம், கையைத் தூக்கினாலே மொடமொடவென்று மைக்கில் ஏறும். வளையல், கொலுசு, சாவிக்கொத்து எல்லாம் வெளியே. சாப்பிட்டுவிட்டுப் போங்கள், மதியம் ஒரு மணிக்கு வயிறு கத்துவதை மைக் துல்லியமாகப் பிடிக்கும். வயிறு முட்டவும் சாப்பிடாதீர்கள், ஏப்பத்தையும் பிடிக்கும். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனால் ஏ.சி. எலும்புவரை குளிரும். ஒரு ஜோடி சாக்ஸ் பையில் இருக்கட்டும்.